இல்லாத சுரங்கமும் இருக்கிற கொசுவும்

கொன்றைநகர் அரண்மனைக்கு அடியில் ஒரு சுரங்கம் உண்டு. எதிரி வந்தால் மகாராஜா மகரகேதர் தப்பி ஓடுவதற்காக மந்திரி பேரின்பநாதர் வெட்டியது. பரம ரகசியம். வாய் திறந்து சொன்னவன் தலை போகும் என்று சட்டம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், சட்டப்படி ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை யார் போய்க் கூட்டுவது? மழைத்தண்ணீர் இறங்கி முழங்கால் ஆழம் நின்றது. கொசுக்கள் அங்கே ராஜபோகமாகப் பெருகின.

ஊரெங்கும் காய்ச்சல். மகாராணியும் படுத்துவிட்டாள்.

"எல்லாம் குயவர் தெருவால் வந்த வினை, மகாராஜா," என்றார் மந்திரி. "வாசலெல்லாம் பானை, பானையெல்லாம் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் உடைத்தால் தீர்ந்தது."

ராஜா தலையாட்டினார். காவலர்கள் தடியெடுத்தார்கள்.

குயவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு விதூஷகர் அம்பலவாணரிடம் ஓடினார்கள். அவர் பாடு திண்டாட்டம். உண்மையைச் சொன்னால் தன் தலை போகும், சொல்லாவிட்டால் இவர்கள் பிழைப்பு போகும். 'நல்ல சட்டமப்பா' என்று முனகிக்கொண்டே சபைக்குப் போனார்.

"மகாராஜா, கொசு பிறக்கிற இடம் அகப்பட்டுவிட்டது. நந்தவனத்து மகிழமரத்தடியில் ஒரு குழி. எவனோ அரைகுறைக் கொத்தன் வெட்டியிருக்கிறான். குனிந்து போனாலும் மண்டை இடிக்கிறது."

மந்திரிக்குச் சுருக்கென்றது. "அரைகுறையா? யானை நிமிர்ந்து நடக்கலாமய்யா."

"நான் பார்த்தது வெறும் மண்சுவராயிற்றே."

"மண்ணா? அத்தனையும் கருங்கல்."

"மகிழமரத்தடியில் ஏதையா கருங்கல்?"

"மகிழமரத்தடியில் என்ன கிடக்கிறது? வாசல் குதிரை லாயத்துக்குப் பின்னால்..."

தவளை தன் வாயால் கெட்டது.

ராஜா இருவரையும் மட்டும் அழைத்துக்கொண்டு லாயத்துக்குப் போனார். வாசலை மூடியிருந்த கல்லை நகர்த்தியதுதான் தாமதம், ஙொய்யென்று கிளம்பிய கொசுப் பட்டாளம் ராஜாவின் மூக்கையே பதம் பார்த்தது. வீங்கிய மூக்கோடு முதல் கட்டளை பிறந்தது: ஒரு பானையையும் தொடக் கூடாது.

"ரகசியத்தை உளறிவிட்டீர், மந்திரியாரே. சட்டப்படி உமது தலையை எடுக்க வேண்டும்."

மந்திரி ராஜாவின் காலில் விழுந்தார்.

"தலையை எடுத்துவிட்டால் தண்ணீரை யார் இறைப்பது, மகாராஜா?" என்றார் அம்பலவாணர்.

"நூறு ஆளை அனுப்பினால் போயிற்று."

"ஆளுக்குத் தெரிந்தால் அப்புறம் என்ன ரகசியம்? உள்ளே போகத் தகுதியுள்ளவர் நம் மந்திரியார் ஒருவர்தான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார்.

மந்திரி சுரங்கத்தை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு தண்ணீரை எதைக் கொண்டு இறைப்பது?"

"அதற்கென்ன, ஐயா," என்றார் அம்பலவாணர். "குயவர் தெருவில் பானை இருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை."