நாற்பத்து மூன்று சிலைகள்

வேதமாணிக்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. இருந்தும் "சாமி" என்று கைகட்டி நின்றவர் வேதமாணிக்கம்தான்.

"தலைவர் மருதையனாருக்காக நாப்பது வருஷம் ஓடினேன் சாமி. எங்க அம்மா செத்த அன்னிக்கு ஒரு சிலை திறப்பு. கொள்ளி வைக்கக்கூடப் போகலை. இப்ப திரும்பிப் பார்த்தா பயமா இருக்கு. எல்லாம் வீணா?"

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, அவர் ஊருக்கே போய்ப் பார்த்துட்டு வரலாம்."

நெடுங்கரையில் இறங்கியதும் எதிரிலேயே மருதையனார் நின்றார். முழு உருவச் சிலை, தங்கப் பூச்சு. சுற்றிலும் இரும்புக் கூண்டு, அதற்கு ஒரு பூட்டு. யாரும் சாணி அடித்துவிடக் கூடாது என்று போட்டது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மட்டும் திறப்பார்களாம். மற்ற நாளில் காக்கைக்குத்தான் அனுமதி.

வேதமாணிக்கம் கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டார். குரு பூட்டைப் பார்த்தார்.

அடுத்து, தலைவர் பிறந்த வீடு. இப்போது அது நினைவு இல்லம். வாசலில் பலகை: காலணிகளை வெளியே விடவும். வேதமாணிக்கம் கழற்றினார்.

"எதுக்குக் கழட்டறீங்க?" என்றார் குரு.

"மரியாதை சாமி."

குரு செருப்போடு உள்ளே போனார்.

இல்லத்தைக் கூட்டிப் பெருக்கிச் சுற்றிக் காட்டுகிறவள் அன்னக்கொடி. நாற்பது வயதிருக்கும். அவள் குருவின் காலைப் பார்த்தாள், தடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன் நின்று மனப்பாடமாகச் சொன்னாள்.

"இதுதான் ஐயாவோட செருப்பு. அந்தக் காலத்துல மேலத்தெருவுல நம்ம ஜனம் செருப்பு போட்டு நடக்கக் கூடாது. ஐயா நடந்தாரு. தெரு முச்சூடும் அடி விழுந்துச்சு. கழட்டலை."

"நீயும் இந்த ஊராம்மா?" என்றார் வேதமாணிக்கம்.

"அவரு தெருதான்யா. ரெண்டு வீடு தள்ளி இருந்தோம். இப்ப எல்லாரும் காலனிக்குப் போயிட்டோம்."

வேதமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்தார்.

மதியம் இல்லத்தைப் பூட்டிவிட்டு அன்னக்கொடி சாப்பிடக் கிளம்பினாள். காலனிக்கு மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். வேதமாணிக்கத்துக்கும் தலைவர் நடந்த தெருவைப் பார்க்க ஆசை. மூவரும் ஒன்றாக நடந்தார்கள்.

தெருமுனையில் அன்னக்கொடி குனிந்தாள். செருப்பைக் கழற்றி, முந்தானையால் மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மூக்குச் சிந்துவதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் செய்தாள்.

சித்திரை வெயில். தார் இளகிக் கிடந்தது.

"ஏம்மா?" வேதமாணிக்கம் அவள் முன்னால் போய் நின்றார். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்றதில்லீங்க ஐயா. சொல்ற மாதிரி நாங்க வெச்சுக்கறதில்லை."

"போட்டுக்க. நான் கூட வரேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

அன்னக்கொடி அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. இரக்கத்தோடு பார்த்தாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

"நீங்க சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க. நாளைக்கும் நான் இதே வழியாத்தானே வரணும்?"

அவள் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெருக்கோடியில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மறைந்தாள்.

வேதமாணிக்கம் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகையை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"சொல்லிடுங்க சாமி. வீண்தானே? அவர் பட்ட அடியும் வீண், நான் ஓடின ஓட்டமும் வீண்."

குரு அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மொத்தம் எத்தனை சிலை வெச்சீங்க?"

"நாப்பத்து மூணு."

"திறப்பு விழாவுக்கு மறுநாள், அதுல ஒரு ஊர்லயாவது இருந்தீங்களா?"