பொம்மையைக் குளிப்பாட்டிய சர்ஜன்

அறுவை சிகிச்சைப் பேராசிரியர் இன்னாசிமுத்துவுக்கு வயது ஐம்பத்து நான்கு. துறைத்தலைவராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். பயிற்சி தந்தவர் நர்சிங் கல்லூரி ஆசிரியை ரஹ்மத்நிஸா. இன்னாசிமுத்துவைவிடப் பதினாறு வயது இளையவர்.

முதல் நாள் டீ இடைவேளையில் இன்னாசிமுத்து கேட்டார்.

"மேடம், என்கிட்டப் படிக்கிற பசங்க யாரும் கேள்வியே கேட்க மாட்டேங்கிறாங்க. எப்படிக் கேட்க வைக்கிறது?"

"கேட்காததால என்ன கெட்டுப்போச்சு சார்?"

"போன வாரம் ஒரு பயிற்சி டாக்டருக்கு நான் சொன்ன பெட் நம்பர் சரியாக் காதுல விழல. வேற ஒருத்தருக்குத் தையலைப் பிரிச்சுட்டார். மறுபடி தைக்க வேண்டியதாப் போச்சு. 'ஏன்யா என்கிட்ட கேட்கல'ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார்."

ரஹ்மத்நிஸா டீயைக் குடித்து முடித்தார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார். நர்சிங் மாணவிகள் பழகும் குழந்தைப் பொம்மையை எடுத்து வந்து நீட்டினார்.

"பிறந்து பத்து நாள் ஆன குழந்தை. குளிப்பாட்டுங்க சார்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா."

இருபது ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள். இருபத்தாறு வருடம் கத்தி பிடித்த கை. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டியது மாமியார்தான். முதலில் தலைக்கு ஊற்றுவதா, உடம்புக்கா? கழுத்தை எந்தக் கையால் தாங்குவது?

இன்னாசிமுத்து ஒருமுறை ரஹ்மத்நிஸாவைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோப்பை எடுத்தார்.

பொம்மை வழுக்கித் தலைகீழாகத் தொட்டிக்குள் போனது. தண்ணீர் அவர் கண்ணாடியில் தெறித்தது. பல் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னாசிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"நான் பக்கத்துலயேதானே நின்னேன்?"

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பத்து நாள் கழித்து இன்னாசிமுத்துவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், இன்னிக்கு வார்டுல ஒரு பொண்ணு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியல."

"என்ன செஞ்சீங்க?"

"பழையபடி, 'இதுகூடத் தெரியாதா'ன்னு அதட்டலாமான்னு வாய் வரைக்கும் வந்தது. அப்புறம், 'எனக்குத் தெரியலம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்'னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வரிசையா ஏழு பேர் கேட்டாங்க. ரவுண்ட்ஸ் முடிய ரெண்டு மணி ஆயிடுச்சு. இன்னும் சாப்பிடக்கூட இல்ல."

அவர் குரலில் களிப்பு தெரிந்தது.

"ஏழுல எத்தனைக்குப் பதில் தெரிஞ்சது சார்?"

"நாலு."

"நாளைக்கு இன்னும் கஷ்டமாக் கேட்பாங்க, ரெண்டுக்குத்தான் தெரியும். போய்ச் சந்தோஷமாச் சாப்பிடுங்க சார்."