கொடிக்கம்பத்துல மாட்டுன சீட் பெல்ட்டு

டேய், வந்ததுதான் வந்தீங்க, கம்முனு நின்னு கதையக் கேளுங்க. கையில முறுக்கு, மூஞ்சியில இளிப்பு. கழுத்து வலிச்சா வலிக்கட்டும், நிமிந்தே கேளுங்க. குனிஞ்சு போனைப் பாக்குறவனுக்குக் கதை கிடையாது.

சங்ககிரி பைபாஸ் ஓரத்துல காளியண்ணன் பட்டறை இருக்குதில்ல, அங்க பிட்டர் வேலை பாக்குறவன் நாச்சிமுத்து. பாவம், அவனுக்கு ஒரே ஆசைதான். யாராச்சும் ஒருத்தர் அவனை "மேஸ்திரி"ன்னு கூப்பிடணும். அதுக்கும் ஒரு நேரம் வந்துச்சு. முதலாளி ஒரு புது ஸ்கூல் வேனைக் கொண்டாந்து நிறுத்தினார்.

"நாச்சி, இதுல குட்டைப் பையனும் வருவான், நெட்டை வாத்தியாரும் வருவார். ஆளுக்குத் தக்கன உசரத்தைக் கூட்டிக் கொறைக்கிற மாதிரி ஒரு சீட் பெல்ட்டு பண்ணு. அசையாத இடமாப் பாத்து மாட்டு. புது வண்டி, ஓட்டை கீட்டை போட்டுறாத. பிரேக் போட்டா ஆள் முன்னாடி போகக் கூடாது. சரியா வந்தா நாளையிலிருந்து நீதான் மேஸ்திரி. இல்லீன்னா பழையபடி பஞ்சர் ஒட்டப் போயிரு."

நாச்சிமுத்து பட்டறையோட மத்த ரெண்டு மூளையையும் கூப்பிட்டான். வெல்டர் அங்கமுத்து, பெயிண்டர் சென்னியப்பன். மூணு பேரும் வேனுக்குள்ள ஏறி அசையாத இடத்தைத் தேடினாங்க.

"இந்தக் கம்பி?"ன்னான் அங்கமுத்து.

"வண்டி போனா கம்பியும் போகுமில்ல."

"கூரை?"

"அது மட்டும் இங்கயே நிக்குமா?"

சென்னியப்பன் ரொம்ப நேரம் தாடியைச் சொறிஞ்சான். "நாச்சி, வண்டின்னா ஓடும். ஓடுறதுல அசையாத இடம் எங்கடா இருக்கும்? முதலாளி வெளியதான் மாட்டச் சொல்லியிருக்காரு."

நாச்சிமுத்துக்குப் புல்லரிச்சுப்போச்சு. இத்தனை வருசமா வண்டி செய்யிற எவனுக்கும் இது தோணலையே.

வெளிய வந்தா, எந்தக் கட்சிக்காரங்களோ நட்டுட்டு மறந்துபோன கொடிக்கம்பம். அங்கமுத்து கட்டிப்பிடிச்சு ஆட்டிப் பாத்தான். அசையல. உச்சியில கப்பி, கப்பியில கயிறு. இழுத்தா ஏறும், விட்டா எறங்கும்.

"உசரத்துக்கும் ஆச்சு"ன்னான் சென்னியப்பன். "கொடிக்கு ஆகுறது கொழந்தைக்கு ஆகாதா?"

வேனைப் பின்பக்கமாக் கம்பத்துக்கிட்ட நிறுத்தி, பின்கதவைத் தொறந்து, கயித்தோட ஒரு முனையில பெல்ட்டைக் கட்டி உள்ள விட்டாங்க. சீட்டுக்கு போல்ட் போடலாமான்னு அங்கமுத்து கேட்டான். "ஓட்டை போடக் கூடாதுன்னாரில்ல"ன்னு நாச்சிமுத்து அதட்டினான்.

அந்நேரம் பாத்து, காலேஜைப் பாதியில விட்டுட்டு டீக்கடை டீக்கடையா வாயடிச்சுத் திரியிற ஒரு நெட்டையன் அந்தப் பக்கம் வந்தான். சோதனைக்கு ஆள் கெடைச்சுது. உக்கார வச்சு, சீட்டோட சேத்து இறுக்கிட்டாங்க. கயித்தோட இன்னொரு முனை தரையில கெடந்துச்சு. யாராச்சும் தடுக்கி விழுவாங்கன்னு எவனோ ரோசனை சொல்ல, அதை வேன் பம்பர்ல கட்டிட்டாங்க.

முதலாளியே ஸ்டீயரிங் பிடிச்சார். வேன் போச்சு. நெட்டையன் போகல. சீட்டோட பின்கதவு வழியா வெளிய வந்தான். வேன் முன்னாடி போகப் போக, இவன் மேல மேல. சீட்டு கப்பியில முட்டுனதும் வேன் முக்கிட்டு நின்னுச்சு.

"எப்பிடிடா இருக்குது?"ன்னு முதலாளி திரும்பினார். சீட்டும் இல்ல, ஆளும் இல்ல.

"பாத்தீங்களா முதலாளி"ன்னான் நாச்சிமுத்து. "வண்டி நின்னுச்சு. ஆள் ஒரு இஞ்ச் முன்னாடி போகல."

"மேல போயிட்டானேடா."

"உசரம் கூடணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க."

ரோட்டுல போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, நிமிந்து பாத்து, "இது எந்தக் கட்சிங்க?"ன்னார். முதலாளிக்கு அதுதான் தாங்கல. "எவனாச்சும் இந்த வண்டியைத் தொட்டீங்க, கையை ஒடிச்சுப்போடுவேன். போயி பஞ்சர் ஒட்டுங்கடா"ன்னுட்டு சாவியோட போயிட்டார்.

நாச்சிமுத்து கண்ணு கலங்கி, கம்பத்தடியில டியூப்பைக் கழட்ட உக்காந்தான். அப்ப மேல இருந்து ஒரு சத்தம். "மேஸ்திரி, என்னை எறக்கி விடுங்க மேஸ்திரி."

நாச்சிமுத்து டியூப்பை விட்டுட்டு அண்ணாந்து பாத்தான். "இன்னொருக்காக் கூப்பிடு"ன்னான்.

வண்டியைத் தொட்டாக் கை போயிரும். கயித்தை அவுத்தா மேஸ்திரி பட்டம் போயிரும். அவன் எதுக்கு எறக்குறான்?

நெட்டையன் யாருன்னு இன்னுமா தெரியல? நான்தான்டா. சிரிக்காதீங்க, சீட்டு ஆடுது. இன்னொன்னையும் சொல்லிடுறேன். பம்பர்ல கட்டச் சொன்னவனும் நான்தான்.