ஆகட்டும் என்ற அவை

நெடுங்கோ, மக்கள் கூடித் தேர்ந்தெடுத்த தலைவன். மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில் தன் குரு தாமரையாரை அவைக்கு அழைத்து வந்தான். ஊருக்கு ஒருவராக மக்கள் அனுப்பிய உறுப்பினர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“அம்மையே, என்னையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் இந்த அவை எதற்கு? நான் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்கிறார்கள். வீண் நேரம். கலைத்துவிடலாமா?”

“உன் பெயரால் நான் ஓர் ஆணை சொல்கிறேன். முடியும்வரை நீ வாய் திறக்கக் கூடாது.”

நெடுங்கோ தலையசைத்தான்.

தாமரையார் அவையைப் பார்த்தார். “பெரிய ஏரியின் மதகுகளை இப்போதே அடைக்க வேண்டும். இது தலைவரின் ஆணை.”

வெளியே இடி இடித்தது. ஏரி கரை தளும்ப நிற்பது எல்லோருக்கும் தெரியும். மதகை அடைத்தால் கரை உடைந்துவிடும்.

உறுப்பினர்கள் நெடுங்கோவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் பேசவில்லை.

“ஆகட்டும்,” என்றார் முதலில் இருந்தவர்.

“ஆகட்டும்,” என்றார் அடுத்தவர்.

ஒவ்வொருவராகச் சொல்லிக் கடைசியில் கொற்றனின் முறை வந்தது. கரைக்கு நேர் கீழே இருந்தது அவர் ஊர். மேல்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஆகட்டும்.”

வாசலில் நின்ற சேவகன் ஏரிக்கு ஓடக் கிளம்பினான்.

“நில்லடா!” நெடுங்கோ கொடுத்த வாக்கை மறந்து எழுந்துவிட்டான். “கொற்றரே, உங்கள் பிள்ளைகள் அந்த ஊரில்தானே இருக்கிறார்கள்? மூழ்கிப்போவார்கள் என்று தெரியாதா?”

“தெரியும், தலைவரே.”

“பின்னே ஏன் சொல்லவில்லை?”

கொற்றன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இருக்கையைப் பார்த்தார்.

“கரையருகே கல் வெட்டக் கூடாது என்று போன மாதம் சாத்தன் இங்கே உங்களிடம் சொன்னான். இன்னும் சிறையில் இருக்கிறான்.”

நெடுங்கோவும் அந்த இருக்கையைப் பார்த்தான். அவன் அவையைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

“இனி இங்கே எல்லோரும் அஞ்சாமல் பேச வேண்டும். இது என் ஆணை.”

“ஆகட்டும்,” என்றது அவை, ஒரே குரலில்.

அவன் திகைத்துப்போய்க் குருவிடம் திரும்பினான். “இவர்களை எப்படிப் பேச வைப்பது?”

“முதலில் சாத்தனை வெளியே விடு.”

“இப்போதே விடுகிறேன். அது போதுமா?”

“போதாது. நாளைக்கு அவன் இங்கே வந்து உட்கார்ந்து, மறுபடியும் உன்னிடம் ‘கூடாது’ என்பான். அப்போது நீ என்ன செய்கிறாய் என்று இவர்கள் பார்ப்பார்கள்.”