ஐஸ் கட்டிப் போட்டி

எஸ்தரை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் ஆட்டோக்காரர் தங்கதுரை அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சருக்கு முப்பத்தைந்து. டீச்சர் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறையில் பத்து வருஷம் பெட்டி அடுக்கியவர், தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க ஆபீஸில் வகுப்பு எடுப்பார். அண்ணாச்சி நோட்டும் பேனாவுமாக முதல் பெஞ்சில் இருப்பார். சந்தேகம் கேட்டுக் கேட்டே வகுப்பை முடியவிடாத மாணவர்.

கம்பெனியின் பேரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் டீச்சர் திட்டுவார். வெளிநாட்டுக் கம்பெனி, முப்பது நாட்டில் வியாபாரம் என்பது மட்டும் போதும். எங்கள் ஊர் ஃபாக்டரியில் குளிர் அறைப் பெண்கள் பத்தொன்பது பேர் கையுறை கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் சங்கத்திலும் சேர்ந்தார்கள். மறுநாள் காலை கேட்டிலேயே அவர்களை நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதில் டீச்சர் ஒருவர். அண்ணாச்சியின் மனைவி சந்தனமாரி இன்னொருவர்.

பத்தொன்பது பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும்வரை ஊரில் யாரும் அந்த ஐஸ்கிரீமை வாங்கக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது.

"ஊருக்குச் சொல்ற வேலையை எங்கிட்ட விடுங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

ஆட்டோவில் மைக் கட்டினார். இரண்டு நாள் தெருத் தெருவாகச் சுற்றினார். மூன்றாம் நாள் தொங்கிய முகத்தோடு சங்க ஆபீஸுக்கு வந்தார்.

"டீச்சர், யாவாரம் கூடிப்போச்சு."

"யாருக்கு?"

"கம்பெனிக்குத்தான்."

நடந்தது இதுதான். 'வாங்காதீர், வாங்காதீர்' என்று தெருவுக்கு நாற்பது தடவை ஐஸ்கிரீமின் பேரைச் சொல்லியிருக்கிறார் மனுஷன். காதில் விழுந்த பிள்ளைகள் எல்லாம் அதுதான் வேண்டும் என்று தரையில் உருண்டு புரண்டு அழுதிருக்கின்றன. கடைக்காரர் சுடலைமணி இரண்டு பெட்டி கூடுதலாக வரவழைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? அண்ணாச்சியைக் கூப்பிட்டு டீ கொடுத்து, "நாளைக்கும் இந்தப் பக்கம் வாங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆபீஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சந்தனமாரிக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை.

"கம்பெனிக்காரன் இவருக்கு மாலைதான் போடணும்" என்றாள்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிங்க, நல்லா சிரிங்க. வாங்காதேன்னு சொன்னா வாங்குதான். பின்னே எப்படித்தான் சொல்லணும் டீச்சர்?"

"சொல்லாதீங்க."

"சொல்லாம?"

"கோயில் மாசிக் கொடைக்கு நாலு பாளம் ஐஸ் வேணும். மீன் மார்க்கெட்ல சொல்லி வையுங்க. ஒரு மேஜை. ஒரு கூடை எலுமிச்சம்பழம்."

"எதுக்கு?"

"போட்டி வைக்கப் போறோம். அறிவிப்பு நீங்கதான். கம்பெனி பேரை மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது."

அண்ணாச்சி நோட்டை எடுத்து, 'பேரைச் சொல்லக் கூடாது' என்று எழுதினார். புரியவில்லை. அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

கொடை அன்று காலையில் கோயில் பந்தலுக்கு எதிரே மேஜை போட்டாயிற்று. 'வெறுங்கையால் ஐஸ் கட்டியைப் பிடித்து நிற்க முடியுமா? ஜெயித்தவருக்கு ஒரு சொம்பு சர்பத்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அண்ணாச்சி மைக்கில் அறிவித்ததுதான் தாமதம், கூட்டம் மொய்த்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போட்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் நாற்பத்தைந்து விநாடி நின்றார். புது மாப்பிள்ளை ஒருவர், பெண்டாட்டி பார்க்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தார். கடைக்காரர் சுடலைமணி இருபது விநாடியில், "ஏ ஆத்தா!" என்று கட்டியைப் போட்டுவிட்டு மேஜையைச் சுற்றி ஓடினார்.

"தள்ளுங்கவே. இது ஆட்டோ ஓட்டுற கை" என்று அண்ணாச்சியே இறங்கினார். ஒரு நிமிஷம் இருபது விநாடி. அப்புறம் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தார். விசில் பறந்தது.

பிறகு சந்தனமாரி வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டியைக் கையில் ஏந்தினாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று. புளியைக் கரைத்து ஊற்றி, குழம்பு கொதிக்கும் கட்டத்துக்கு வந்தபோது நான்கு நிமிஷம். அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விசில் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

சுடலைமணிதான் கேட்டார். "மதினி, கை வலிக்கலியா?"

"தெரியலையே."

"தெரியலைன்னா?"

"கையில சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. பதினோரு வருஷமா நாள் முழுக்க இதைத்தானே வெறுங்கையால அடுக்கினோம்" என்று சொல்லிவிட்டு, "கடைசியில ஒரு கொத்து கருவேப்பிலை" என்று குழம்பை இறக்கி முடித்தாள்.

டீச்சர் கட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அவள் கையைத் துண்டால் துடைத்துவிட்டார்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணி தேவையில்லை, என் பெண்டாட்டி கையை நெற்றியில் வைத்தாலே போதும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் பெருமையடிக்கிறவர் அண்ணாச்சி. பதினொரு வருஷமாக அடித்த பெருமை. மைக்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். கொடைக்கு வந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

"எந்தக் கம்பெனி?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"கேக்கோம்லா? எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க!"

"முதல்ல சர்பத் குடிங்க" என்று டீச்சர் எலுமிச்சம்பழத்தை நறுக்கினார்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாத பேரா? மறுநாள் சுடலைமணி தன் கடையிலிருந்த கம்பெனி ஃபிரிட்ஜை வாசலில் தள்ளி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். அடுத்த வாரம் ஊரில் எல்லா ஃபிரிட்ஜும் சுவரைப் பார்த்தே நின்றன. போட்டியை யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அது கடல் தாண்டிப் போனது.

கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊரிலிருந்து, அங்குள்ள சங்கம் ஒரு போட்டோ அனுப்பியது. அங்கே பனிக்காலம். ஐஸ்கிரீம் விற்கும் பெரிய கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் வந்து, ஆளுக்கு ஒரு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசல் உயரத்துக்குக் குவியல். குழந்தையின் குட்டிக் கையுறைகூட ஒன்று கிடந்தது.

சந்தனமாரி போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு கை விறைச்சிருக்குமே, பாவம்" என்றாள்.

கொடை முடிந்த நாற்பத்தோராம் நாள் கம்பெனி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. பத்தொன்பது பேருக்கும் வேலை. ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, ஒரு கம்பளிக் கோட்டு. மணிக்கொரு தடவை வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் பத்து நிமிஷம்.

முதல் நாள் ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தபோது கேட்டில் வேட்டுப் போட்டார்கள். மேளம் வந்திருந்தது. சுடலைமணி ஃபிரிட்ஜை நேராகத் திருப்பிவிட்டு, முதல் கப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சிக்கு ஐஸ்கிரீம் என்றால் உயிர். இத்தனை நாளும் தொடவில்லை. மூடியைத் திறந்தவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"வந்துட்டாரா! கேளுங்க அண்ணாச்சி."

"இனிமே இதைச் சாப்பிடலாமா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? மதினி கையைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா சாப்பிடுங்க."

அண்ணாச்சி நடுரோட்டில் மனைவியின் கையைப் பிடித்தார்.

"ஏங்க, எல்லாரும் பாக்காங்க" என்று அவள் நெளிந்தாள். அவர் விடவில்லை.

"சூடா இருக்கு டீச்சர்!" என்று கத்தினார். மேளக்காரர் அதற்கும் ஒரு தட்டு தட்டினார். அண்ணாச்சி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்தார். இரண்டாவது கரண்டி பாதி வழியில் நின்றது.

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கும் தொட்டுப் பாத்துட்டுத்தான்" என்றார் டீச்சர்.