விடுங்க அண்ணாச்சி

சங்கரவடிவு அம்மாளைத் தேடித் தாமிரபரணிக் கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கேள்வியோடுதான் வந்தார்கள். பிரம்மம் எது, மாயை எது என்று நீட்டி முழக்குவார்கள். பலவேசத்தின் கேள்விக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது.

"என் தம்பி நம்பி கிணத்துல விழுந்து தத்தளிச்சான். நான் படியில நின்னேன். எனக்கு நீச்சல் தெரியும்மா. ஆனா கையும் ஓடல, காலும் ஓடல. கண்ணால பாத்துக்கிட்டே நின்னேன். ஏன் அப்படி நின்னேன்?"

அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். குருவே ஆனாலும் அந்தப் பக்கத்து வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"பதில் சொன்னா நம்புவீங்களா அண்ணாச்சி?"

"மாட்டேன். ஆளாளுக்குச் சொல்லியாச்சு."

"அப்போ காலையில ஆத்துக்கு வாங்க."

பாறை ஒன்று ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நல்ல ஆழம். அம்மாள் முதலில் இறங்கி நீந்தியபடி, "குதிங்க" என்றார்.

தம்பி போனதிலிருந்து பலவேசம் சொம்பில் மோந்துதான் குளித்தவர். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். தண்ணீர் தலையை மூடியதும் அதே கிணறு, அதே படி. நெஞ்சு அடைத்துக்கொண்டது. உடம்பு விறைத்துவிட்டது. அம்மாள் அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கினார். தலை வெளியே வந்த பிறகும் பலவேசத்தின் கன்னம் உப்பியபடியே இருந்தது.

"விடுங்க அண்ணாச்சி" என்றார் அம்மாள்.

பலவேசத்துக்குச் சுருக்கென்றது. இழவு வீட்டில் ஊரே இதைத்தான் சொன்னது. காப்பி கொடுத்தவன் சொன்னான், பாடை கட்டியவன் சொன்னான். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கோபம் கோபமாக வந்தது. வேட்டியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

ஆனால் மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. மறுநாளும் பாறைமேல் வந்து நின்றார். மறுநாளும் குதித்து விறைத்தார்.

"விடுங்க அண்ணாச்சி."

"விட முடியலியே!" என்று கத்தினார்.

அம்மாள் கரையேறினார்.

சித்திரையில் ஆரம்பித்த கூத்து இது. குளிக்க வந்தவர்கள் சோப்பு போட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள் பலவேசம் பாறைவரை வந்துவிட்டுத் திரும்பி ஓடினார். இன்னொரு நாள் தண்ணீருக்குள் தூக்க வந்த அம்மாளையே அடித்துத் தள்ளினார். அம்மாளின் உதடு கிழிந்தது. அன்று முழுக்கப் பலவேசம் சோறு தொடவில்லை. விடிந்ததும் பார்த்தால் இரண்டு பேரும் பாறையில் இருந்தார்கள். வீங்கிய உதட்டோடு வந்தவரை மெச்சுவதா, அந்த முகத்தில் விழிக்கத் துணிந்து வந்தவரை மெச்சுவதா?

ஆவணியில் ஒரு காலை. குதித்தார். வழக்கம்போல நெஞ்சு அடைத்தது. அம்மாள் சற்றுத் தள்ளியே நீந்திக்கொண்டிருந்தார். பலவேசம் ரொம்பவும் களைத்திருந்தார். இறுக்கிப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. பிடித்துவைத்திருந்த மூச்சு குபுகுபுவென்று குமிழியாகப் போனது. தோள் இளகியது. கை அசைந்தது, கால் உதைத்தது. யாரும் தூக்காமலே மேலே வந்தார்.

"மூச்சா! மூச்சையா விடச் சொன்னீங்க?"

"வேற எதை?"

"துக்கத்தைன்னுல்லா நினைச்சேன்."

அம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதை எப்படி விடுவீங்க அண்ணாச்சி? அவன் உங்க தம்பில்லா."

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்.

"மொத நாளே மூச்சுன்னு விளக்கிச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். வந்திருக்காது."

கொஞ்ச தூரம் நீந்திப் போனவர் சட்டென்று திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"அப்போ அன்னைக்கு, படியில நின்னப்போ, இதே மாதிரி மூச்சை விட்டிருந்தா... நம்பி பிழைச்சிருப்பானா?"

"இதைப் படிக்க உங்களுக்கு எம்புட்டு நாளாச்சு அண்ணாச்சி?"

"சித்திரையிலருந்து."

"அன்னைக்கு நம்பி உங்களுக்கு எம்புட்டு நேரம் குடுத்தான்?"

பலவேசம் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் நீளமாக வெளியே போனது.