வேலிக்குள் வைத்த இலை

முன்னொரு காலத்தில், கருமலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாட்டை மணவாளராயன் என்றோர் அரசன் ஆண்டான். ஆண்டான் என்று வாய் சொல்கிறதே தவிர, அரசி வடிவுடையாள் கண்ணை மூடிய நாள்முதல் அவன் எதையும் ஆளவில்லை. வழக்கு கேட்பதில்லை, சிரிப்பதில்லை. அரசியை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, மணல் பரப்பி, பகலெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

அந்தி சாய்ந்ததும் அவளுக்குப் பிடித்த கெண்டை மீன் குழம்பையும் சோற்றையும் இலையில் வைத்துப் படைப்பான். கெண்டையில் முள் அதிகம். ஒவ்வொரு முள்ளாகத் தன் கையாலேயே எடுப்பான். விளக்கேற்றி, வேலிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். இறந்தவர்கள் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது அல்லவா? காலையில் இலை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். "என் வடிவு வந்து சாப்பிட்டிருக்கிறாள்" என்பான். அதற்குப் பிறகுதான் அவன் தொண்டையில் கஞ்சி இறங்கும்.

இலையைக் காலி செய்தது யார் என்று ஊருக்கே தெரியும். அரசனிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

ஒரு நாள் அவனே மணலில் பூனைக் கால்தடங்களைப் பார்த்துவிட்டான். பக்கத்திலேயே மரநாயின் தடமும் இருந்தது. சபைக்கு வந்து குதித்தான்.

"அவள் சாப்பிடுகிற இடத்தில் பூனையா? நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடாதா?"

மந்திரி நாற்காலியின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த தளவாய் திருமலைக்கொழுந்து முந்திக்கொண்டு எழுந்தார். "அடியேன் போடுகிற வேலியில் எறும்புகூட நுழையாது, அரசே!"

உடைமர முள்ளை அடுக்கினார், கள்ளி நட்டார், சுற்றிலும் பள்ளம் வெட்டினார். பூனைக்கு வேலி ஒரு பொருட்டா? வேலிக்கு மேல் நீண்டிருந்த வேப்பங்கிளை வழியாக வந்தது. கிளையை வெட்டினால் பக்கத்து மதில்மேல் ஏறி வந்தது. தடங்கள் குறையவே இல்லை. தளவாய் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி பார்த்தார்.

"வேலியில் குறையில்லை, அரசே. காவல்காரன் மாசானம்தான் தூங்கிவிடுகிறான்."

"நாளைக் காலையும் ஒரு தடம் இருந்தால் அவன் தலை இருக்காது" என்றான் அரசன்.

மந்திரி அம்பலக்கூத்தர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இவர் வாயைத் திறந்தாலே அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். இப்போது அவருக்கே விகடம் மறந்துபோயிருந்தது. இருந்தாலும் எழுந்தார்.

"இன்று ஒரு நாள் அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள், அரசே."

"மந்திரியார் பூனைகளுக்குக் கதை சொல்லி அனுப்பிவிடுவார் போலிருக்கிறது!" என்றார் தளவாய்.

"உங்கள் வேலியைத் தாண்டத் தெரிந்த பூனைகளுக்கு என் கதை புரியாமல் போகுமா, தளவாயாரே?"

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை.

வெளியே மாசானம் மந்திரிக்காகக் காத்து நின்றான். "சாமி, பூனை வந்தா என் தலை போயிரும். வரலேன்னா இலை அப்படியே கெடக்கும், அரசரு உசுரு போயிரும். எது நடந்தாலும் பாவம்தான். ஒண்ணு சொல்லட்டுமா? பூனையை நீங்க தடுங்க. சோத்த நான் தின்னுப்புடுறேன்."

சுலபமான வழிதான். இதைவிடப் பெரிய பித்தலாட்டமெல்லாம் செய்தவர்தான் அம்பலக்கூத்தர். ஆனாலும் இந்த முறை ஒப்பவில்லை.

"இன்னிக்கு நீ தின்னுடுவே. நாளைக்கு? அதுக்கு மறுநாள்? இலை காலியாகிற வரைக்கும் அவர் அந்த வேலிக்குள்ளதான் கிடப்பாரப்பா. வேண்டாம்."

சொல்லிவிட்டாரே ஒழிய மனசு கேட்கவில்லை. மாசானத்தின் தலையையாவது காப்பாற்ற, கூடை கூடையாக மீன் வாங்கி ஊர்க்கோடிக் குளத்தங்கரையில் கொட்டச் சொன்னார். ஊர்ப் பூனைகளும் மரநாய்களும் அங்கே போய்விட்டன.

விடிந்ததும், மந்திரியும் தளவாயும் பின்தொடர, அரசன் கதவைத் திறந்தான். மணலில் ஒரு தடமும் இல்லை. இலையில் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அரசன் முழங்காலிட்டு இலையைத் தொட்டுப் பார்த்தான்.

"வடிவு, என் மேல் என்னம்மா கோபம்? ஏன் சாப்பிடவில்லை?"

மாசானம் சொன்னதற்கே சரி என்றிருக்கலாம் என்று மந்திரிக்கு அப்போது தோன்றியது. அவ்வளவு வேதனையாக இருந்தது. தளவாய்க்கோ கொண்டாட்டம்.

"பார்த்தீர்களா, அரசே! மந்திரி ஏதோ செய்வினை வைத்து அரசியாரையே வரவிடாமல் தடுத்துவிட்டார்!"

அரசன் வாளை உருவினான். "கூத்தரே, என்ன செய்தீர்?"

"பூனைகளுக்குக் குளத்தங்கரையில் மீன் போட்டேன், அரசே. வேறொன்றும் செய்யவில்லை."

அரசன் அவரையே பார்த்தான். பிறகு இலையைப் பார்த்தான். வாள் மெல்லத் தாழ்ந்தது.

"அப்படியானால்... இத்தனை நாளும்?"

"ஆமாம், அரசே."

"உமக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும். சொல்ல வாய் வரவில்லை."

"தளவாயாரே, உமக்கு?"

தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிந்துகொண்டேதான் ஒரு காவல்காரனின் தலையைக் கேட்டீர். கொடுக்க இருந்தவன் நான்" என்றான் அரசன். அரசி இறந்த அன்றுகூட அழாதவன், அன்று மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்த பிறகு தீர்ப்புச் சொன்னான். அடுக்கிய முள்ளையெல்லாம் தளவாய் தன் கையாலேயே பிடுங்கிப் போட வேண்டும். மாசானத்துக்குப் பட்டு கிடைத்தது. அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஜெயித்துவிட்டு அப்படி மனம் நொந்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. அன்று வீட்டில் அம்பலக்கூத்தருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தி சாய்ந்தது. அரசன் மறுபடியும் கெண்டை மீனும் இலையுமாகப் போகிறான் என்று ஆள் வந்து சொல்ல, மந்திரி பதறிக்கொண்டு ஓடினார்.

கதவு திறந்தே கிடந்தது. அரசன் இலைக்கு எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை வாசலில் வந்து நின்றது. ஆள் இருப்பதைப் பார்த்துத் தயங்கியது.

அரசன் இலையை அதன் பக்கம் மெதுவாக நகர்த்தினான்.

"முள்ளெல்லாம் எடுத்துட்டேன்" என்றான். "பயப்படாம சாப்பிடு."